சேப்பாக்கத்துப் புல் என் வீட்டில் மட்டும் ஏன் மாவாகிறது?

எழுதியவர்: ஆர்எம்எஸ் ஓய்வு, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டுமே வந்துகொண்டிருந்தேன். இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே தபால் பிரிப்பில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ஓடுகிற ரயிலில், ஆடுகிற மஞ்சள் விளக்கின் கீழ், மழையில் மை கரைந்த முகவரிகளைப் படித்து அந்தந்த ஊர்ப் பையில் போட்ட கண் இது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. மருத்துவர் சுவரில் மாட்டியிருந்த பலகையின் கடைசி வரியையும் படித்துக் காட்டினேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் "முதலில் கண்ணைக் காட்டுங்கள் சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காட்டிவிட்டேன்.

போன தீபாவளிக்கு மகன் 55 அங்குல டிவி வாங்கிக் கொடுத்தான். அதுவரை 32 அங்குலம். கடையில் ஓட்டிக் காட்டிய படத்தில் கிளியின் இறகை எண்ணிவிடலாம் போல இருந்தது. வீட்டு மாடியில் டிஷ், கூடத்தில் எச்டி செட்டாப் பாக்ஸ், விளையாட்டு எச்டி சேனல்களுக்கு மாதாமாதம் தனிக் கட்டணம். சீரியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமியாராக வருகிறவரின் புடவைச் சரிகை இழை இழையாகத் தெரிகிறது. கிரிக்கெட் ஆரம்பித்தால்தான் வினை.

பந்து வீச்சாளர் ஓடி வரும்வரை படம் நன்றாகத்தான் இருக்கிறது. மட்டையாளர் கவர் பக்கம் அடிக்கிறார், கேமரா பந்தைத் துரத்துகிறது. அந்த இரண்டு விநாடியும் மைதானம் முழுவதும் அரைத்து வழித்த மாவு. பச்சை மாவு. புல்லை வெட்டி வெட்டிப் பட்டை போட்டிருப்பார்களே, அந்தப் பட்டைகூடக் கரைந்துவிடுகிறது. பந்து எல்லைக் கயிற்றைத் தொட்டு கேமரா நின்றதும், அரை விநாடி கழித்துப் புல் முளைக்கிறது. முளைக்கிறது என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. முதலில் ஒரு பச்சைக் கறை, அடுத்த கணம் ஒரே துள்ளலில் புல்.

இன்னொன்றும் உண்டு. கேமரா அசையாமல் நின்றாலும் அந்தப் புல் மூச்சு விடுகிறது. மெல்ல மங்குகிறது, சட்டென்று தெளிகிறது, மறுபடி மங்குகிறது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளோடு ஒப்பிட்டுப் பேரனுக்குக் காட்டினேன், ஏறக்குறைய முள்ளோடு ஒத்துப்போகிறது. இப்போது அவன் கண்ணுக்கும் அது மட்டும்தான் படுகிறதாம். ஆட்டத்தையே கெடுத்துவிட்டீர்கள் தாத்தா என்று கோபித்துக்கொள்கிறான்.

இத்தனைக்கும் கீழே ஓடும் ஸ்கோர் பட்டை கத்தி முனை போலக் கூர்மையாக இருக்கிறது. மாவுக்கு நடுவில் அச்சடித்த எழுத்து. இது எனக்குப் புரியவே இல்லை.

வாடிக்கையாளர் மையத்துக்குப் போன் செய்தேன். பாக்ஸை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பிறகு ஒரு தம்பி வந்தான். மாடி ஏறி டிஷ்ஷை அசைத்தான், டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்என்பி என்ற சிக்னல் வாங்கும் கருவியை மாற்றினான், பாக்ஸின் திரையில் சிக்னல் தரம் 71 இலிருந்து 84 ஆனதைக் காட்டினான், 350 ரூபாய் வாங்கிக்கொண்டான். அன்று இரவு ஆட்டத்தில் அதே மாவு. அவன் தெரு முனையைத் தாண்டுவதற்குள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி மட்டும் வந்துவிட்டது.

தவறு டிஷ்ஷிலா, பாக்ஸிலா, டிவியிலா? இல்லை, மேலிருந்து அனுப்புவதே இந்த லட்சணத்தில்தானா?

—

பதில்: மாடிப்படி, நாகர்கோவில்

ஐயா, வணக்கம். 16 வருடமாக டிஷ் மாட்டுகிறவன் நான். உங்கள் வீட்டுக்கு வந்த தம்பிக்காக என் தொழிலின் சார்பில் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த 350 ரூபாய் வீண்.

டிஜிட்டல் சிக்னலுக்குப் பாதி நோய் கிடையாது. வந்தால் முழுதாக வரும். குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், பாதியில் உறைந்து நிற்கும், ஒலி கொக்கரிக்கும், கடைசியில் திரை கறுத்துவிடும். அந்தக் காலத்து ஆன்டெனாவில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், மங்கும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் படம் மங்கினால் எல்லோரும் மாடியைப் பார்க்கிறார்கள். தரம் 71 இல் வந்த அதே படம்தான் 84 இலும் வரும். பெருமழையைத் தாங்க அந்த 13 உதவும், அவ்வளவுதான். டிஷ்ஷுக்கு நேரே தென்னை ஓலை வளர்ந்தாலும், கடற்காற்றில் கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டர் துருப்பிடித்தாலும், மார்ச் மாதத்தில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்றாலும் படம் உடையும் அல்லது போய்விடும். புல் மட்டும் தனியாக மாவாகாது.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள்தான் போகிறதா? சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் வங்கி மேலாளர் ஒருவர் இரண்டு வருடம் எச்டிக்குப் பணம் கட்டிவிட்டு, மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எச்டி வரவே வராது. அடுத்து, பாக்ஸின் அமைப்புகளுக்குள் போய் வீடியோ வெளியீடு 1080 என்று இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் அது 576 இலேயே கிடக்கும். மாட்டிவிட்டு வரும் அவசரத்தில் நாங்கள் செய்கிற பிழை அது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் வீட்டில் பழுது எதுவும் இல்லை.

—

பதில்: இரவுக் காவலாளி

சார், டிஷ்ஷைக் கழற்றிக் காயலான் கடையில் போடுங்கள். ஃபைபர் இணைப்பு வாங்கி, செயலியில் பாருங்கள். என் டிவியில் புல் புல்லாகவே இருக்கிறது. இந்தக் காலத்தில் யார் டிஷ்ஷில் பார்க்கிறார்கள்?

—

பதில்: ஆர்எம்எஸ் ஓய்வு, கும்பகோணம்

நாகர்கோவில் தம்பிக்கு: எச்டிஎம்ஐதான். வெளியீடும் 1080 இல்தான் இருந்தது. ஆக, என் வீடு நிரபராதி. நன்றி.

காவலாளித் தம்பிக்கு: மகன் வீட்டில் செயலியில் பார்த்திருக்கிறேன், படம் நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பதினோரு வீடு. பத்து வீட்டில் டிஷ்ஷோ கேபிளோ இருக்கிறது. செயலி அவர்களைவிட அரை நிமிடம் பிந்தி வருகிறது. எதிர் வீட்டுத் திண்ணையில் "அவுட்" என்று கத்திய பிறகு, என் திரையில் பந்து வீச்சாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிறார். அவர் ஓடி வந்து, பந்து போட்டு, விக்கெட் விழுகிறவரை நான் அதிர்ச்சியடையத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வயதில் முடியாது.

—

பதில்: மேலிணைப்பு

ஆர்எம்எஸ் அவர்களுக்கு. செயற்கைக்கோளுக்குச் சேனல்களை அனுப்பும் ஒரு புவி நிலையத்தில் 18 வருடம் இருந்தேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், ஓய்வூதியம் வாங்குகிறேன்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஸ்கோர் பட்டை கூர்மை, புல் மாவு. குவியம் தவறினாலோ டிவி மட்டமானதாக இருந்தாலோ இரண்டும் சேர்ந்துதான் மங்கும். ஒன்று மட்டும் மங்கினால் அது சுருக்கத்தின் வேலை, அதாவது அனுப்புவதற்காகப் படத்தின் தரவைக் குறைப்பதன் வேலை.

மைதானத்தில் கேமரா வண்டிக்குள் ஓடும் எச்டி படம் விநாடிக்கு 1.485 ஜிகாபிட், அதாவது 1,485 மெகாபிட் தரவு. அதை அப்படியே யாராலும் வானத்துக்கு அனுப்ப முடியாது. எனவே முதலில் அங்கேயே ஒரு சுருக்கம், சேனலின் நிலையத்துக்கு வருவதற்கு. அங்கே வர்ணனை, விளம்பரம், ஸ்கோர் எல்லாம் சேர்ந்த பிறகு, நாடெங்கும் உள்ள டிடிஎச், கேபிள் நிலையங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக அனுப்ப இரண்டாவது சுருக்கம். உங்கள் டிடிஎச் நிலையம் அதை விரித்து, தன் இடத்துக்கு ஏற்றபடி மறுபடி சுருக்கி உங்கள் மாடிக்கு அனுப்புகிறது. தேங்காய்ப்பால் கணக்கில் சொன்னால் உங்கள் டிவிக்கு வருவது மூன்றாம் பால். முதல் இரண்டு பிழிதல்களில் அவ்வளவாகக் கெடாது, அங்கே தாராளமாகக் கொடுப்பார்கள். கஞ்சத்தனம் மூன்றாவதில்தான்.

செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்று ஒன்று. வானத்தில் வாடகைக்கு எடுத்த ஓர் அலைவரிசைத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒன்றில் இன்றைய முறைப்படி விநாடிக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மெகாபிட் அனுப்பலாம். அதில் ஐந்து எச்டி சேனல் வைத்தால் தாராளம். எட்டு வைத்தால் ஆளுக்கு ஏழு மெகாபிட். 1.485 ஜிகாபிட் எங்கே, 7 மெகாபிட் எங்கே? இருநூறில் ஒரு பங்கு.

இருநூறில் ஒரு பங்கில் எப்படிப் படம் தெரிகிறது? சுருக்கும் கருவி ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. முழுப் படம் ஒன்று, பிறகு "போன படத்திலிருந்து இது இது மாறியிருக்கிறது" என்ற குறிப்புகள் மட்டும். சீரியல் மாமியார் நின்ற இடத்தில் நின்று முறைக்கிறார், குறிப்பே தேவையில்லை. மிச்சமாகும் பிட்டுகள் எல்லாம் சரிகைக்குப் போகின்றன. கவர் டிரைவில் கேமரா திரும்பும்போது திரையின் ஒவ்வொரு மூலையும் மாறுகிறது. குறிப்பு எழுதப் பிட்டு போதவில்லை. கருவி எதைத் தியாகம் செய்யும்? மிக நுணுக்கமானதை. மைதானத்தில் மிக நுணுக்கமானது புல். பெரிய வடிவங்களும் நிறமும் தப்பிக்கும், புல் இலை போய்விடும். ஸ்கோர் பட்டை இடம் மாறவே இல்லை, எனவே அதற்குச் செலவும் இல்லை. உங்கள் புல் மூச்சு விடுவது, விநாடிக்கு ஒன்றோ இரண்டோ முறை புதிதாக வரும் அந்த முழுப் படத்தால். அது வரும் கணத்தில் தெளியும். அதுவரை பழைய புல்லை வைத்து ஒப்பேற்றும்.

நம் நாட்டு எச்டி 1080 வரி என்றாலும் விநாடிக்கு 50 அரைப் படங்கள், ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் மறுமுறை. அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் போன்றவர்கள் 720 வரிதான் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் விநாடிக்கு 60 முழுப் படம். விளையாட்டுக்கு அது நல்லது என்று ஐரோப்பிய ஒலிபரப்பாளர் கூட்டமைப்பும் சொல்லிப் பார்த்தது. பெட்டியின் மேல் ஒட்ட 1080 என்ற எண்தான் பெரிதாகத் தெரிகிறது. 1982 ஆசியப் போட்டிக்காகத்தான் நமக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் எச்டி வந்தது. புதிய படம் எப்போதும் விளையாட்டின் பேரைச் சொல்லித்தான் வீட்டுக்குள் வருகிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாக்ஸில் ஹார்டு டிஸ்க் செருகிப் பதிவு செய்ய முடியுமா? முடிந்தால் ஆட்டத்தைச் சரியாக ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். முன்னும் பின்னும் டிஸ்க்கில் எவ்வளவு காலி இடம் என்று பாக்ஸ் காட்டும். ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி குறைந்தால் விநாடிக்கு 10 மெகாபிட் என்று பொருள். அதே சேனலை ஆட்டம் இல்லாத ஒரு காலையிலும் பதிவு செய்யுங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

—

பதில்: ஆர்எம்எஸ் ஓய்வு, கும்பகோணம்

மேலிணைப்பு அவர்களுக்கு. செய்துவிட்டேன். மகனின் பழைய டிஸ்க்கைச் செருகி, அடுக்களையில் இட்லிக்கு வைக்கும் டைமரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஞாயிறு இரவு, ஆட்டம் நடந்தபோது, தமிழ் வர்ணனை எச்டி சேனல், ஒரு மணி நேரம்: 3.2 ஜிபி. நீங்கள் சொன்ன கணக்குப்படி 7 மெகாபிட்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு அதே சேனலில் அதே ஆட்டத்தின் மறு ஒளிபரப்பு, ஒரு மணி நேரம்: 4.3 ஜிபி. ஒன்பதரை மெகாபிட்.

அதே ஆட்டம். அதே கவர் டிரைவ். காலையில் அந்தப் பந்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மாவு இருக்கிறது, ஆனால் தண்ணீர் குறைந்த மாவு. வெட்டிய பட்டை தெரிகிறது. உள்ளூர்க்காரர்கள் பார்க்காத நேரத்தில் நன்றாகக் காட்டுகிறார்கள், ஊரே உட்கார்ந்து பார்க்கும்போது மங்கலாகக் காட்டுகிறார்கள். தபால் துறையில் இப்படி ஒரு நிர்வாகம் நடந்திருந்தால் கேள்வி கேட்டிருப்போம். இது என்ன கூத்து?

—

பதில்: மேலிணைப்பு

எதிர்பார்த்ததுதான். டிரான்ஸ்பாண்டரில் உள்ள சேனல்களுக்கு நிரந்தரப் பங்கு கிடையாது. எல்லாம் ஒரே பொதுக் கணக்கு. யாருக்கு எந்தக் கணத்தில் தேவை அதிகமோ அவருக்கு அதிகம், மற்றவருக்குக் குறைவு. கருவியே விநாடிக்குப் பல முறை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். செய்தி வாசிப்பவர், சமையல் நிகழ்ச்சி, பழைய சினிமா என்று கலந்து வைத்தால் இது அருமையாக வேலை செய்யும். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் பசிக்காது என்பதுதான் இதன் அடிப்படை.

உங்கள் டிரான்ஸ்பாண்டரில் உள்ளவை பெரும்பாலும் விளையாட்டுச் சேனல்கள் என்று நினைக்கிறேன். ஞாயிறு இரவு தமிழ், தெலுங்கு, இந்தி என்று எல்லாவற்றிலும் ஓடியது அதே ஆட்டம், அதே கேமரா. பந்து கவர் பக்கம் போனால் எல்லாச் சேனலுக்கும் அதே நொடியில் பசி. விட்டுக்கொடுக்க ஆளே இல்லை. செவ்வாய் காலையில் ஒன்றில் கபடி மறு ஒளிபரப்பு, இன்னொன்றில் யாரோ மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் சேனலுக்குக் கூடுதலாகக் கிடைத்தது.

—

பதில்: ஆர்எம்எஸ் ஓய்வு, கும்பகோணம்

ஐயா, இப்போது புரிகிறது. இதை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும், பெயர்தான் வேறு. எனக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. எங்கள் வாய்க்காலில் எட்டு மதகு. ஒருவன் நடவுக்கு, ஒருவன் களை எடுத்த பிறகு, ஒருவன் கதிர் பிடிக்கும்போது என்று ஆளுக்கொரு நாள் தண்ணீர் கேட்டால் அந்த ஒரே வாய்க்கால் எல்லோருக்கும் போதும். எட்டுப் பேரும் ஒரே நாளில் நாற்று நட்டால், மதகை எத்தனை நேர்மையாகத் திறந்தாலும் கடைமடைக்காரன் வயல் வெடிக்கும். அதற்காகத்தானே முறைப்பாசனம் வைத்தார்கள்.

எல்லா மொழிச் சேனல்களையும் ஒரே வாய்க்காலில் விட்டவர் ஒரு நாளும் வயலில் கால் வைத்திருக்க மாட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரியில் கொண்டுவந்த கட்டண முறையில், அடிப்படைக் கட்டணத்துக்கு உரிய நூறு சேனல் கணக்குக்கு ஒரு எச்டி சேனலை இரண்டு சாதாரணச் சேனலாக எண்ண வேண்டும் என்று வைத்தார்கள். எண்ணி வாங்கினார்கள். வாங்குகிற இடத்தில் இரண்டு என்றால் கொடுக்கிற இடத்தில் எத்தனை மெகாபிட் என்று பில்லில் ஒரு வரி போடலாமே? பால் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போடுகிறார்களே.

—

பதில்: மேலிணைப்பு

போட மாட்டார்கள். போட்டாலும், "எண் குறைந்தால் தரம் குறைந்தது என்று ஆகாது, எங்கள் கருவி புதியது" என்ற பதில் தயாராக இருக்கும். அதில் பாதி உண்மையும் உண்டு. 2009 ஆகஸ்டில் பிபிசி தன் எச்டி சேனலை 16 மெகாபிட்டிலிருந்து 9.7 ஆகக் குறைத்தது. புதிய சுருக்கக் கருவிகள் குறைந்த பிட்டிலேயே அதே தரம் தருகின்றன என்பது அவர்கள் தரப்பு. பார்வையாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை, பெரிய வாக்குவாதமே நடந்தது. இவ்வளவுக்கும் அங்கே அவர்கள் சண்டை போட்ட 9.7, நீங்கள் செவ்வாய் காலையில் பார்த்து மகிழ்ந்த அளவு.

2013 இல் எச்இவிசி என்ற புதிய சுருக்க முறை வந்தது. ஏறக்குறைய பாதிப் பிட்டில் அதே படம் தரக்கூடியது. ஆனால் வீடு வீடாக இருக்கும் பழைய பாக்ஸ்களுக்கு அந்த மொழி புரியாது. எல்லாவற்றையும் மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதில் நிற்கிறது. வானத்தில் இடம் கூடுகிறதா என்றால் கூடுகிறது. 2022 ஜூனில் ஏவிய ஜிசாட்-24 இல் மட்டும் டிடிஎச் சேவைக்கு ஏற்ற 24 டிரான்ஸ்பாண்டர்கள். ஆனால் என் அனுபவத்தில், இடம் கிடைத்ததும் யாரும் பழைய சேனல்களுக்குத் தண்ணீர் கூட்டிவிட்டதில்லை. ஒன்பதாவது மதகு வைப்பார்கள்.

உங்களுக்கு ஒரு சோதனை. அதே ஆட்டம் ஆங்கில எச்டி சேனலிலும் வரும். பாக்ஸின் சேனல் விவரத் திரையில் அதிர்வெண் காட்டினால் இரண்டையும் ஒப்பிடுங்கள். அதிர்வெண் வேறு என்றால் வாய்க்கால் வேறு.

—

பதில்: கணக்கு டீச்சர், கோவை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பெரியவர் சொன்னதில் ஒன்றை யாரும் தொடவில்லை. 32 அங்குலத்திலிருந்து 55 அங்குலத்துக்குப் போயிருக்கிறார். அங்குலத்தைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவு. பரப்பளவைப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே ஏழு மெகாபிட்டை மூன்று மடங்கு பெரிய தோசையாக வார்த்தால் ஓட்டை தெரியத்தான் செய்யும். ஐயா, நாற்காலியை மட்டும் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறீர்கள், சரிதானே?

எங்கள் வீட்டிலும் அப்பாவுக்காக இதே போராட்டம். நான் செய்தவை: டிவியின் படப் பயன்முறை கடையில் வைத்திருந்தபடியே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தது, அதைச் சினிமா முறைக்கு மாற்றினேன். கூர்மை என்ற அளவை 50 இலிருந்து 10 க்கு இறக்கினேன். பலர் படம் மங்கினால் கூர்மையை ஏற்றுகிறார்கள். அது இல்லாத புல்லை உண்டாக்காது, இருக்கும் கட்டங்களின் ஓரத்துக்கு மை தீட்டிக் காட்டும். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்தேன். பந்துக்குப் பின்னால் இரண்டாவது பந்து ஒன்று பேய் போல ஓடிக்கொண்டிருந்தது அதனால்தான்.

—

பதில்: ஆர்எம்எஸ் ஓய்வு, கும்பகோணம்

டீச்சர், நாற்காலி பழைய இடத்தில்தான் இருந்தது. தரையில் நான்கு காலுக்கும் தடம் விழுந்திருக்கிறது. நேற்று மூன்றடி பின்னால் தள்ளினேன். இப்போது முதுகு அலமாரியில் இடிக்கிறது, இதற்கு மேல் போனால் வாசல். கூர்மையைப் பத்துக்கு இறக்கியதும் ஆட்டக்காரர்களைச் சுற்றி இருந்த வெள்ளை வளையம் போய்விட்டது. அதுவரை அது மைதான விளக்கின் ஒளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலிணைப்பு ஐயா, அதிர்வெண் பார்த்தேன். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு வேறு. உடனே மாற்றி மாற்றிப் பார்த்தோம். பேரன் ரிமோட், நான் கண். ஆங்கிலத்தில் புல் ஓடும்போதும் ஓரளவு புல்லாகவே இருக்கிறது. எல்லைக் கயிற்று விளம்பரத்தின் சிறிய எழுத்துகூடப் படிக்க முடிகிறது. எட்டாவது மதகிலிருந்து மூன்றாவது மதகுக்கு வந்தது போல.

ஆனால் வீட்டில் ஒரு சிக்கல். என் மனைவிக்குத் தமிழ் வர்ணனைதான் வேண்டும். ஆங்கிலம் புரியாமல் இல்லை, அவர் ஆசிரியையாக இருந்தவர். தமிழில் அவர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வதைக் கேட்கத்தான் ஆட்டமே பார்க்கிறார். புல் எப்படி இருந்தால் என்ன, நான் என்ன மாடா மேய்க்கப் போகிறேன் என்று கேட்டுவிட்டார். இந்த வீட்டில் அவர் ஓட்டு, எச்டி சேனல் மாதிரி, இரண்டாக எண்ணப்படும். எனவே ஆட்டத்தின் முதல் பாதி ஆங்கிலம், பின்பாதி தமிழ் என்று முறைப்பாசனம் வைத்திருக்கிறோம்.

நிறுவனத்தின் புகார் தீர்வு அதிகாரிக்கு, நான் எடுத்த இரண்டு அளவுகளையும் தேதி நேரத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். பதிவுத் தபாலில்தான். இன்று காலை அங்கிருந்து போன் வந்தது. மிக மரியாதையாகப் பேசிய ஒரு பெண், என் டிஷ்ஷைப் பார்க்க நாளை ஆள் அனுப்புவதாகச் சொல்கிறார். வேண்டாம் அம்மா என்றேன். புகார் எண் கொடுத்திருக்கிறோம், வந்தே ஆக வேண்டும் என்கிறார்.

நாகர்கோவில் தம்பி, அந்தப் பையன் மாடி ஏறுவதற்கு முன்னால் அவனிடம் என்ன சொல்லி நிறுத்துவது என்று ஒரு வரி எழுதுங்கள். மாடியில் வடகம் காய்கிறது.